ஒப்பீனியோனிஸ்தான்னா கருத்தியலாளர் இல்லைங்க

"முன்னாள் இத்தாலி வீரரும் கருத்தியலாளருமான கிறிஸ்டியான் வியேரி"ன்னு ஒரு விளையாட்டுப் பக்கத்துல படிச்சேன். முதல் தடவை சிரிச்சுட்டு தள்ளிட்டேன், ரெண்டாவது தடவை ஏதோ அவசரத்துல போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன், மூணாவது தடவை அதே வார்த்தைய பெர்கோமிங்கற இன்னொரு பழைய ஃபுட்பால் ஆட்டக்காரர் தலையிலயும் கட்டியிருந்தாங்க, அப்புறம் எப்படி சும்மா இருக்கறது. இத்தாலில கருத்தியலாளர்னா அது மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி. ஜெயில்ல உக்காந்து நோட்டு நோட்டா எழுதின மனுஷன். வியேரி டிஃபெண்டர தோளால ஒரு இடி இடிச்சுட்டு இடது கால்ல கோல் போட்ட ஆளு. ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தையா?

மூலச்சொல் இத்தாலி மொழில ஒப்பீனியோனிஸ்தா. ஒப்பீனியோனேன்னா கருத்து, அபிப்பிராயம். லத்தீன்லேர்ந்து வந்தது. இஸ்தாங்கற வால் கிரேக்கத்துலேர்ந்து லத்தீன் வழியா வந்தது, அந்த வேலைய செய்றவர்னு அர்த்தம். காபி கடைல பாரிஸ்தான்னு சொல்றோமே அதே வால்தான். முன்னாடியெல்லாம் பேப்பர்ல பத்தி எழுதறவங்களுக்கு இருந்த பேரு, இப்போ பெரும்பாலும் டிவி ஸ்டுடியோல உக்காந்து அபிப்பிராயம் சொல்றவங்களுக்கு.

வியேரிய எடுத்துக்குங்க. 1973ல பொலோன்யால பிறந்து சிட்னில வளந்தவர், சின்ன வயசுல கிரிக்கெட் பைத்தியம், தம்பி மேக்ஸ் ஆஸ்திரேலியா ஃபுட்பால் டீமுக்கே ஆடினார். 1999ல லாட்சியோ கிளப்லேர்ந்து இன்டர் கிளப்புக்குப் போனப்போ கைமாறின விலை 9,000 கோடி லிரா, அன்னிக்கு அதுதான் உலக ரெக்கார்ட். 1998, 2002 ரெண்டு உலகக் கோப்பைலயும் சேத்து 9 கோல். 2009ல பூட்ஸ கழட்டினார். அதுக்கப்புறம் 2012ல இத்தாலி அரசு டிவியான ராய்ல பிரபலங்கள் டான்ஸ் ஆடற ஷோல இறங்கினார், மீடியாசெட்ங்கற தனியார் டிவியோட ஃபுட்பால் ஷோல சோபால உக்காந்து பேசினார், 2020ல இன்டர்நெட்ல போபோ டிவின்னு ஒண்ண ஆரம்பிச்சு அதானி, கசானோ, வென்டோலான்னு மூணு பழைய ஆட்டக்காரங்கள கூட வச்சுக்கிட்டு மணிக்கணக்கா பேசினார். (அதானின்னதும் நம்ம ஊர் ஞாபகம் வரும், இவர் லேலே அதானி, டிஃபெண்டர்.) இதுல கருத்தியல் எங்க இருக்கு? பேச்சு இருக்கு, சிரிப்பு இருக்கு, சண்டை இருக்கு. 2023ல அந்தக் கூட்டணியும் உடைஞ்சுது.

இத்தாலிக்காரங்க இதுல ஒரு பாகுபாடு வச்சிருக்காங்க, நம்ம ஆளுங்க அதையும் போட்டுக் குழப்பறாங்க. ஆட்டம் நடக்கும்போது பந்து கூடவே ஓடி ஓடி சொல்றவர் தெலேக்ரோனிஸ்தா, அவருக்கு நம்மகிட்ட வர்ணனையாளர்னு நல்ல சொல் இருக்கு. அவர் பக்கத்துல உக்காந்து ஏன் அப்படி ஆச்சுன்னு விளக்கற பழைய ஆட்டக்காரர் ரெண்டாவது குரல். ஆட்டத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் ஸ்டுடியோல பேசறவர்தான் ஒப்பீனியோனிஸ்தா. 2006 ஜூலை 4, டோர்ட்மண்ட், உலகக் கோப்பை அரையிறுதி, ஜெர்மனியோட ஆட்டம், 119வது நிமிஷம், இத்தாலியோட பிர்லோ பந்த வச்சுக்கிட்டு நகந்து நகந்து போய் பாக்காமலே குரோசோவுக்கு தள்ளறார், கோல், கொஞ்ச நேரத்துல தெல் பியேரோ இன்னொண்ணு. ஸ்கை சேனல்ல ஃபாபியோ கரேஸா தொண்ட கிழிய "பெர்லின் போறோம் பெப்பே"ன்னு கத்தறார், ஃபைனல் அங்கதான். அந்த பெப்பேதான் ஜுசெப்பே பெர்கோமி. 1982 உலகக் கோப்பை ஃபைனல்ல 18 வயசுல ஆடின அதே பையன். அன்னிக்கு அவர் ரெண்டாவது குரல், ஒப்பீனியோனிஸ்தாகூட கிடையாது, அவரப் போய் கருத்தியலாளர்ங்கறாங்க. (மீசைய பாத்து அவருக்கு சக ஆட்டக்காரங்க வச்ச பட்டப்பேர் ட்சியோ. அப்பா கூடப்பிறந்தவருக்கும் அம்மா கூடப்பிறந்தவருக்கும் அங்க ஒரே சொல், நம்ம பெரியப்பாவா சித்தப்பாவா மாமாவான்னு முடிவு பண்ணியாகணும். நான் பெரியப்பான்னுதான் போடுவேன், அந்த மீசைக்கு அதுதான் பொருந்தும்.)

சரி, கருத்தியலாளர் எப்படி வந்திருக்கும்? கருத்துன்னு மட்டும் போட்டா லேசா இருக்கே, கொஞ்சம் வெயிட் இருக்கட்டும்னு நடுவுல ஒரு இயல சொருகியிருப்பாங்க. இயல் சேந்தா அது ஒரு துறை, ஒரு ஒழுங்குமுறை ஆயிடுது. உயிரியல், இயற்பியல் மாதிரி. கருத்தியல்ங்கறது சித்தாந்தம், மார்க்சியம் ஒரு கருத்தியல், தேசியம் ஒரு கருத்தியல். வியேரிக்கு இருக்கறது கருத்து, அதுவும் வாரத்துக்கு வாரம் மாறும். இந்த வியாதி ஒப்பீனியோனிஸ்தாவோட நிக்கல. பயன்னா பயன்பாடுங்கறது, முறைன்னா முறைமைங்கறது, சொல் நீளமானா மரியாதை கூடும்னு நம்ம மொழிபெயர்ப்பாளர்கள் மனசுல யாரோ ஏத்தி விட்டுட்டாங்க. சுத்தத் தமிழ் எழுதறோம்னு நெஞ்ச நிமித்தறவங்களும் இதத்தான் செய்றாங்க. எனக்கு தனித்தமிழ் மேல கோவம் இல்ல, தமிழ் மாதிரி இருக்கற அர்த்தம் மாறின தமிழ் மேலதான் கோவம்.

ஒரு நண்பர் பண்டிதர்னு போடுங்கறார், இங்கிலீஷ்காரனே நம்ம சொல்லத்தான பண்டிட்னு எடுத்துட்டுப் போனான், திருப்பி வாங்கிக்கலாமேங்கறார். ஐடியா நல்லாத்தான் இருக்கு. ஆனா தமிழ்ல பண்டிதர்னா அயோத்திதாசப் பண்டிதர், இல்லன்னா மதுரைத் தமிழ்ச் சங்கத்துல பரீட்சை எழுதி வாங்கின பட்டம். கசானோவ அந்த வரிசைல நிக்க வைக்க எனக்கு மனசு வரல. நிபுணரும் ஆகாது, ஏன்னா இத்தாலில பிக் பாஸ் மாதிரி ஷோக்கு, அங்க அதுக்கு கிராந்தே ஃப்ராத்தெல்லோன்னு பேர், அதுலயும் ஒப்பீனியோனிஸ்தா உண்டு, யார் யாரோட சண்டை போட்டாங்கன்னு கருத்து சொல்றதுக்கு என்ன நிபுணத்துவம் வேணும்? விமர்சகர்ங்கறத நம்ம டிவி விவாதங்கள்ல கீழ ஓடற எழுத்துல போட்டுப் போட்டு தேச்சே போட்டாச்சு, கட்சிக்காரர்னு போட முடியாதவங்க எல்லாருமே அரசியல் விமர்சகர்தான்.

என் ஓட்டு கருத்தாளருக்கு. எழுத்து, எழுத்தாளர். கருத்து, கருத்தாளர். இத்தாலிச் சொல்ல எப்படி கட்டியிருக்காங்களோ அச்சு அசல் அதே கட்டு. ஒரு சிக்கல் இருக்கு, மறைக்கல, ஆசிரியர் பயிற்சில வகுப்பெடுக்க வர்றவங்கள ஏற்கனவே கருத்தாளர்னுதான் சொல்றாங்க. எங்க வீட்டு டீச்சரம்மாவே "நாங்களும் வியேரியும் ஒண்ணா?"ன்னு கேட்டாங்க. ஆனா பயிற்சி முகாமும் ஃபுட்பால் ஸ்டுடியோவும் ஒரே வாக்கியத்துல சந்திக்கப் போறதில்ல, டிவி கருத்தாளர்னு முன்னாடி ஒண்ண சேத்துட்டா போச்சு. பேச்சுல வேணும்னா கருத்து கந்தசாமி இருக்கவே இருக்கு, ஒப்பீனியோனிஸ்தாவ இத்தாலிக்காரங்க சில சமயம் ஒரு நக்கலோட சொல்வாங்களே, அந்த நக்கலும் சேந்தே வந்துடும், என்ன பேப்பர்ல போட முடியாது.

ஆக அந்த வரி இப்படி வந்திருக்கணும்: "முன்னாள் இத்தாலி வீரரும் டிவி கருத்தாளருமான கிறிஸ்டியான் வியேரி." டிவிய விட்டுட்டுப் பாத்தா கருத்தாளர் கருத்தியலாளர விட ரெண்டு எழுத்து மிச்சம் வேற.