எரிந்தால்தான் படை போகுமா?

மேட்டூர் திறந்து குறுவை நடவு சூடுபிடித்துவிட்டால், எங்கள் திருவாரூர்ப் பக்கம் சேற்றுப்புண்ணும் தொடை இடுக்குப் படையும் சேர்ந்தே வந்துவிடும். பொழுதுக்கும் சேற்றில் நிற்கும் கால், வியர்வையில் ஊறிய உள்ளாடை, சரியாகக் காயாத துண்டு என்று பூஞ்சைக்கு வேண்டியதெல்லாம் இங்கே இருக்கிறது. ஆனால் தோல் மருத்துவராக எனக்கு அந்தப் படையைவிட, அதற்குப் பூசிய மருந்தால் வந்த புண்தான் பெரிய கவலை.

கடையில் கேட்டு வாங்கும் படை மருந்துகள் பலவற்றில் சாலிசிலிக் அமிலம் இருக்கும். சிலவற்றில் பென்சாயிக் அமிலமும் சேர்ந்திருக்கும். இவை மோசமான மருந்துகள் இல்லை. 6 சதவீதம் பென்சாயிக் அமிலமும் 3 சதவீதம் சாலிசிலிக் அமிலமும் கலந்த விட்ஃபீல்டு களிம்பு, தலைமுறைகளாகப் பலன் தந்துவரும் மலிவான மருந்து. பூஞ்சை குடியிருப்பது தோலின் இறந்த மேலடுக்கில். சாலிசிலிக் அமிலம் அந்த அடுக்கைத் தளர்த்தி உரித்துவிடும். பென்சாயிக் அமிலம் பூஞ்சையை வளரவிடாது. அதனால் பூசியதும் சில நிமிடம் சுருக்கென்று இருப்பதும், லேசாகத் தோல் உரிவதும் இயல்புதான்.

"எரிஞ்சாத்தான் கேக்கும்" என்று நினைக்கும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது. நடவுக்குப் போகும் ஓர் அம்மா காலைக் காட்டினார். விரலிடுக்கு வெள்ளையாக ஊறி, நடுவில் சிவந்து வெடித்திருந்தது. படை மருந்தைப் பூசி, சேறு படக்கூடாதென்று மேலே கேரி பேக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கியிருக்கிறார். "நல்லா எரிஞ்சுது டாக்டர், வேலை செய்யுதுன்னு விட்டுட்டேன்" என்றார். காற்றுப் புகாமல் மூடினால் அமிலம் இன்னும் ஆழமாக இறங்கும். ஏற்கெனவே ஊறி வெடித்த தோலில் அது புண்ணைத்தான் பெரிதாக்கும். சேற்றுப்புண் எல்லாமே பூஞ்சையும் இல்லை. வெறும் ஈரத்தாலும் பாக்டீரியாவாலும்கூட வரும். முதலில் பச்சைப்புண் ஆற வேண்டும், அப்புறம்தான் பூஞ்சை மருந்து.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் நிலை இதைவிட ஆபத்து. அவர்களுக்கு எரிவதே தெரியாது. தெரியவரும்போது ஆழமான புண்ணாகியிருக்கும். அவர்கள் இந்த மருந்துகளைத் தாமாக வாங்கிக் காலில் போடவே கூடாது.

இடம் பார்த்துப் போட வேண்டிய மருந்து இது. உள்ளங்காலின் தடித்த தோல் தாங்கும். தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, மார்புக்கு அடியில், முகம் இவையெல்லாம் தாங்காது; அங்கே தோல் மெல்லியது, மடிப்பில் வியர்வையும் நிற்கும். ஆனால் படை அதிகம் வருவதும் அங்கேதான், ஆட்கள் அதிகம் பூசுவதும் அங்கேதான். அந்த இடங்களுக்கு வேறு பூஞ்சை களிம்புகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். நகத்துக்கும் தலைக்கும் வந்த பூஞ்சைக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும்.

உடம்பு முழுக்கப் பூசுவதும் தப்பு. சாலிசிலிக் அமிலம் தோல் வழியே ரத்தத்தில் சேரும். காதில் இரைச்சல், குமட்டல், வேகமான மூச்சு, குழப்பம் வந்தால் உடனே கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சரி, எப்படிப் போடுவது? குளித்து, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைத்து, முதலில் ஒரு சின்ன இடத்தில் பூசிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் காலை, இரவு மெல்லிசாகப் பூசினால் போதும். பெரும்பாலும் 4 வாரமாவது பிடிக்கும். அரிப்பு நின்றதும் நிறுத்தினால் திரும்ப வரும். கொப்புளம், நீர் வடிதல், விடாத எரிச்சல் இருந்தால் நிறுத்தி, நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அதன்மேல் எலுமிச்சையைத் தேய்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கருத்துவிடும்.

படை ஆறிய இடத்தில் கருப்பு தங்குவதுண்டு. அதைப் படை என்று நினைத்து மறுபடி மறுபடி அமிலத்தைத் தேய்ப்பவர்களுக்கு அது இன்னும் கருக்கத்தான் செய்யும். ஓரம் தடித்து, செதில் உதிர்ந்து, அரித்தால் படை. சமதளமாக, அரிப்பில்லாமல் இருந்தால் பெரும்பாலும் தழும்பு. மாதக்கணக்கில் தானாக மங்கும்.

மருத்துவரிடம் வரும்போது இதுவரை பூசிய டியூப், பாட்டில் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவாருங்கள், காலியானதாக இருந்தாலும். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது அரிப்பை அடக்கிவிட்டு, பூஞ்சையை வெளியே தெரியாமல் பரவவிடும். எது பூசினீர்கள் என்று தெரிந்தால்தான் எங்கே தொடங்குவது என்று எங்களுக்குத் தெரியும்.