கோப்பிலிருந்து நிரலுக்குள் வரும் வலைப்பின்னல்

வேன் சக்கரி என்ற ஆய்வாளர் ஒரு கராத்தே சங்க உறுப்பினர்களிடையே நிலவிய நட்பை ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட வலைப்பின்னலில் உறுப்பினர்களைக் குறிக்கும் 34 கணுக்களும் அவர்களின் நட்பைக் குறிக்கும் 78 இணைப்புகளும் உள்ளன. இதைக் கோப்பில் எழுதிவைக்க மிக எளிய வழி இணைப்புப் பட்டியல்: வரிக்கு ஓர் இணைப்பு, அவ்வரியில் இரு கணுக்களின் பெயர்கள், நடுவே ஓர் இடைவெளி. 78 வரிகளில் வேலை முடிந்துவிடும். அதையே அணியாக, அதாவது ஒவ்வொரு கணு இணைக்கும் ஒரு கட்டம் உள்ள 34×34 அட்டவணையாக எழுதினால் 1,156 கட்டங்கள் தேவை. இணைப்பு ஒவ்வொன்றும் இருமுறை பதிவாவதால் அவற்றுள் 156 மட்டுமே சுழியல்லாதவை. பத்தாயிரம் கணுக்கள் என்றால் கட்டங்கள் பத்துக் கோடி ஆகிவிடும்.

பட்டியலைப் படிக்கும் நிரல் ஒவ்வொரு வரியையும் இடைவெளியில் பிரித்து, கிடைக்கும் இரு பெயர்களுக்கும் கணுக்கள் ஏற்கெனவே உள்ளனவா என்று பார்த்து, இல்லாதவற்றை உருவாக்கி, பிறகு இரண்டையும் இணைக்கிறது. இதில் கடினமான வேலை எதுவும் இல்லை. கோப்பு வாய்திறந்து சொல்லாத செய்திகளில்தான் சிக்கல் இருக்கிறது.

முதலாவது, கோப்பில் உள்ள 5 என்பது எண்ணா, எழுத்தா என்பது. பைத்தான் நிரல்மொழியின் நெட்வொர்க்எக்ஸ் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு), வேறு வகை குறிப்பிடாவிட்டால், இணைப்புப் பட்டியலில் உள்ள பெயர்களை எழுத்துச்சரங்களாகவே எடுத்துக்கொள்ளும். பின்னர் 5 என்ற எண்ணைக் கொண்டு கணுவைத் தேடினால் அப்படி ஒன்று இல்லை என்ற பதிலே வரும். அதைவிட மோசமானது, ஒரு கோப்பை எண்களாகவும் மற்றொன்றை எழுத்துகளாகவும் படித்து ஒன்றாகச் சேர்ப்பது. பிழைச்செய்தி எதுவும் வராமலேயே ஒவ்வொரு கணுவும் இரண்டாகிவிடும்.

அடுத்தது திசை, அதாவது இணைப்பு ஒருவழியா இருவழியா என்பது. சிலர் ஒரே நட்பை 'அ ஆ' என்றும் 'ஆ அ' என்றும் இரு வரிகளாக எழுதுவதுண்டு. சக்கரியின் 78 இணைப்புகளையும் அவ்வாறு எழுதிய கோப்பைத் திசையற்றதாகப் படிக்கும்போது, நெட்வொர்க்எக்ஸின் வழக்கமான வலைப்பின்னல் வகை இரண்டையும் ஒன்றாக்கி 78 இணைப்புகளைத் தரும். ஐகிராஃப் என்ற மற்றொரு நூலகமோ இரண்டையும் வைத்துக்கொண்டு 156 தரும். இரண்டும் தத்தம் விதிப்படி சரியே. ஆனால் அதன்மேல் கணக்கிடப்படும் நண்பர் எண்ணிக்கை இரண்டாவதில் இரட்டிப்பாகியிருக்கும்.

யாரோடும் இணையாத ஒரு கணுவை இணைப்புப் பட்டியலில் எழுத இடமே இல்லை. கிராஃப்எம்எல் போன்ற கோப்பு வடிவங்கள் கணுக்களை இணைப்புகளிலிருந்து தனியே பதிவதோடு, திசையுண்டா என்பதையும் பண்புகளின் தரவுவகையையும் கோப்பிலேயே அறிவிப்பதால், மேற்சொன்ன ஊகங்களில் பல தேவையற்றுப் போகின்றன. கோப்பு பெரிதாவது அதற்குரிய விலை.

ஆகவே கோப்பைப் படித்தவுடன் கணுக்களையும் இணைப்புகளையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. சக்கரியின் உறுப்பினர்களை 1 முதல் 34 வரை எண்ணிட்ட பட்டியலை ஐகிராஃபின் இணைப்புப் பட்டியல் வாசிப்பானிடம் கொடுத்தால் 35 கணுக்கள் வரும். அந்த வாசிப்பான் எண்களைச் சுழியத்திலிருந்து தொடங்குவதால், எவரோடும் சேராத சுழியம் என்ற உறுப்பினர் ஒருவரும் சங்கத்தில் சேர்ந்துவிடுகிறார்.