பதினொரு மாசம் ஷெட்டுல நிக்குற வண்டி

போன வருஷம் கார்த்திகை மாசம், ராத்திரி எட்டு மணி இருக்கும், குளச்சல் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணிச்சு. "அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆவல, டோரே திறக்க மாட்டேங்குது, நாளைக்கு வெள்ளன திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு போவணும், அவிய வாறாவ"ன்னு அழுவாத கொறையா சொல்லுச்சு. செத்த பேட்டரிக்கு வேற பேட்டரியில இருந்து கரண்ட் குடுக்குற ஜம்பர் கேபிளும் ஒரு பேட்டரியும் எடுத்துட்டு போனேன். ஷெட்டுக்குள்ள கவர் போட்டு மூடி வச்சிருந்தாங்க, 2018ல வாங்குன வண்டி, அஞ்சு சீட்டு எஸ்யூவி, மொத்தம் ஓடினதே 21,000 கிலோமீட்டர் தான். கவர எடுத்தா பெயிண்டு கண்ணாடி மாதிரி மின்னுது. பேட்டரி சுத்தமா செத்து போச்சு, அதனால ரிமோட் அமுக்கினா டோர் திறக்கல. ரிமோட்டுக்குள்ளேயே ஒரு இரும்பு சாவி ஒளிஞ்சிருக்கு, அத இழுத்து எடுத்து டிரைவர் டோர திறந்தேன். இத்தனை வருஷமா அப்படி ஒரு சாவி இருக்குறதே அந்த வீட்டுல யாருக்கும் தெரியாது.

பேனட்ட தூக்கினா உள்ள தேங்கா நாரு வச்சு எலி கூடு கட்டிருக்கு, ரெண்டு இடத்துல வயர் கடிச்சு செம்பு தெரியுது. சரி அத ஒட்டி சரி பண்ணிரலாம்னு நினைச்சுகிட்டே டார்ச்ச கீழ அடிச்சேன், முன் பக்கம் இடது டயர் ஓரச்சுவரு முழுக்க சின்ன சின்னதா வெடிப்பு. ரோட்டுல படுற டயர் பட்டன் தேயாம புதுசு மாதிரி இருக்கு, ஆனா ரப்பர் செத்துருச்சு. "தங்கச்சி, நாளைக்கு இந்த வண்டி வேண்டாம், டாக்ஸி பிடிச்சு போங்க"ன்னு சொன்னேன். அதுக்கு மனசே இல்ல, வெளிநாட்டுல இருந்து வாற அது வீட்டுக்காரருக்கு சொந்த வண்டியில வந்து இறங்கணும்னு எவ்வளவு ஆசைன்னு எனக்கும் தெரியும், ஆனாலும் அந்த டயர்ல குடும்பத்த ஏத்தி அனுப்ப எனக்கு கை வரல.

நாலு நாள் கழிச்சு அந்த வீட்டுக்காரர் தம்பியே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாரு. கோபமா எல்லாம் இல்ல, உண்மையிலேயே புரியாம தான் கேட்டாரு, "ஓடாத வண்டி எப்பிடிண்ணே கெடும்?"

இருபது வருஷத்துக்கு மேல தக்கலை பக்கம் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், இந்த கேள்விய கேக்காத வருஷம் இல்ல. நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு வீடு ஒருத்தர் துபாய், மஸ்கட், குவைத்துன்னு இருக்காங்க, லீவுல வரும்போது கிரெட்டாவோ செல்டோஸோ கிராண்ட் விட்டாராவோ ஸ்கார்பியோவோ வாங்கி நிறுத்துறாங்க, ஒரு மாசம் சொந்தக்காரங்க வீடு, கல்யாணம், வேளாங்கண்ணி, திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம்னு ஓட்டுறாங்க, அப்புறம் பதினொரு மாசம் வண்டி ஷெட்டுல. என் கைக்கு வாற எஸ்யூவியள்ல ஓடி கெட்டத விட நின்னு கெட்டது தான் ஜாஸ்தி. அதனால தான் இத எழுதுறேன்.

முதல்ல பேட்டரி. இப்ப வாற வண்டி ஆஃப் பண்ணினாலும் முழுசா தூங்காது, சாவிய தேடுற சென்சார், அலாரம், போனோட பேசுற சிம்மு, கடிகாரம்னு கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் இழுத்துகிட்டே இருக்கும். நல்ல பேட்டரின்னா ஓடாம நிக்கும்போது மீட்டர்ல 12.6 வோல்ட் காட்டணும், 12க்கு கீழ இறங்கி அப்படியே நாள் கணக்குல கிடந்தா உள்ள தகட்டுல வெள்ளையா சல்பேட் படிஞ்சு போவும், அதுக்கு பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

"நாங்க தெனமும் காலையில அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி போட்டுருவோம்ணே"ன்னு நெறைய பேரு சொல்லுவாங்க, நல்லது செய்யுறோம்னு நம்பி தான் செய்யுறாங்க, ஆனா வண்டிக்கு இத மாதிரி கெடுதல் வேற இல்ல. ஸ்டார்ட் ஆவுறதுக்கு பேட்டரியில இருந்து போவுற கரண்ட வண்டி நின்னபடி அஞ்சு நிமிஷம் ஓடினா பேட்டரிய சார்ஜ் பண்ணுற ஆல்டர்னேட்டர் முழுசா திருப்பி குடுக்காது, அதுலயும் ஏசிய போட்டு பாட்டு கேட்டா இன்னும் மோசம். இஞ்சின் சூடாவுறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணினா எரியாத பெட்ரோலோ டீசலோ, கூடவே தண்ணி ஆவியும் இஞ்சின் ஆயில்ல போய் கலக்கும், சைலன்சருக்குள்ள தண்ணி தங்கி உள்ளேயே துரு பிடிக்கும். ஒண்ணு வண்டிய ரோட்டுக்கு எடுங்க, இல்லன்னா ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.

ரோட்டுக்கு எடுக்குறதுன்னா பள்ளிக்கூடம் வரை, சந்தை வரை இல்ல. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை முப்பது நாப்பது கிலோமீட்டர், நிறுத்தி நிறுத்தி இல்லாம ஒரே ஓட்டமா. டீசல் வண்டிக்கு இது இன்னும் முக்கியம். 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6ன்னு புது புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் எஸ்யூவிக்கு டிபிஎஃப்னு புகைக் கரிய பிடிச்சு வைக்குற ஒரு ஃபில்டர் சைலன்சர் லைன்ல வருது. பிடிச்ச கரிய அது எரிச்சு காலி பண்ணணும்னா உள்ள கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேணும், அந்த சூடு நாகர்கோவில் டவுனுக்குள்ளயோ மார்த்தாண்டம் நெரிசல்லயோ வராது. வண்டி தானா கொஞ்சம் டீசல கூடுதலா அடிச்சு எரிக்கப் பாக்கும், அந்த நேரம் பாத்து நாம வீடு வந்து சாவிய ஆஃப் பண்ணிருவோம், இப்படியே அஞ்சாறு தடவை நடந்தா மிச்ச டீசல் ஆயில்ல இறங்கிரும். ஆயில் அளவு பாக்குற கம்பிய, டிப்ஸ்டிக்க, இழுத்துப் பாத்தா ஆயில் கூடியிருக்கும். "ஆயில் குறையவே இல்லண்ணே, நல்ல இஞ்சின்"னு ஒருத்தர் சந்தோஷமா சொன்னாரு, மோந்து பாத்தா டீசல் வாடை. மீட்டர்ல டிபிஎஃப் மஞ்ச லைட் எரிஞ்சா பயப்படாதீங்க, ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறு போய் நாலு வழிச் சாலையில ஏறி வள்ளியூர் வரை அறுபது எழுபதுக்கு மேல ஒரே சீரா போயிட்டு வாங்க, பெரும்பாலும் அதுலயே அணைஞ்சிரும். அணையாம ஓட்டிகிட்டே இருந்தா தான் பெரிய செலவு. மாசத்துக்கு இருநூறு கிலோமீட்டர் கூட ஓடாத வீட்டுக்கு டீசல் வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன், வாங்குறதுக்கு முன்னாடி கேட்டா.

ஆரல்வாய்மொழி பக்கம் போறவங்க ஒண்ணு கவனிக்கணும், ஆனி ஆடியில காத்தாடி சுத்துற அந்த காத்து உசரமான வண்டிய பக்கவாட்டுல தள்ளும், மேல கேரியர்ல லக்கேஜ் கட்டியிருந்தா இன்னும் தள்ளும், லாரிய ஓவர்டேக் பண்ணி வெளிய வாற அந்த நொடியில ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் பிடிங்க.

டயருக்கு வாறேன். ஓரத்துல ஒரு சின்ன முட்டை வடிவ கட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும். 2318ன்னு இருந்தா 2018ம் வருஷம் 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். நம்ம ஊரு வெயிலும் கடக்காத்தும் ரப்பர ஓடினாலும் ஓடாட்டாலும் காய வைக்கும், பட்டன் இருக்கேன்னு நம்பக் கூடாது. அஞ்சு வருஷம் ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை விவரம் தெரிஞ்ச ஆளுகிட்ட காட்டுங்க, ஓரத்துல வெடிப்பு தெரிஞ்சா வயசே பாக்காதீங்க, மாத்திருங்க. ஓடாம நிக்குற வண்டியிலயும் டயர் காத்து மாசாமாசம் கொஞ்சம் இறங்கும், பதினொரு மாசத்துல எவ்வளவு இறங்கியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அந்த குறைஞ்ச காத்தோட ஏழு பேரும் பெட்டியும் ஏத்தி சித்திரை வெயில்ல கயத்தாறு ரோட்டுல நூறுல போனா டயரோட ஓரம் மடிஞ்சு மடிஞ்சு சூடேறி தான் வெடிக்குது, சும்மா வெடிக்கல. டிரைவர் டோர திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல ஆள் குறைவா இருந்தா எவ்வளவு காத்து, ஃபுல் லோடுக்கு எவ்வளவுன்னு ரெண்டு கணக்கு போட்டிருப்பான், பங்க் பையன் வழக்கமா அடிக்குற அளவு இல்ல, அந்த ஸ்டிக்கர் அளவு தான் சரி. ஸ்டெப்னியையும் பாருங்க, அதுக்கும் அதே வயசு தான். நெறைய வண்டியில ஸ்டெப்னி சின்ன சைஸ்ல இருக்கும், அதப் போட்டா 80க்கு மேல போகக் கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கும்.

முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காபட்டணம்னு கடல் ஓரத்துல வீடு உள்ளவங்களுக்கு உப்பு தனிக் கதை. மேல பெயிண்ட துடைக்குறோம், அடியில யாரும் பாக்குறதில்ல. சைலன்சர் கிளாம்பு, பிரேக் பைப்பு, போல்ட்டு, இங்க தான் உப்பு முதல்ல திங்கும். கழுவுறதுலயும் ஒண்ணு இருக்கு, கடலோர ஊர்ல போர் தண்ணியே பல இடத்துல உப்பு, அதுல வண்டி அடிய கழுவினா கழுவாம இருக்குறதே மேல். கொஞ்சம் உள்ள தள்ளி நல்ல தண்ணி உள்ள சர்வீஸ் ஸ்டேஷன்ல வாட்டர் வாஷ் குடுங்க, கழுவி முடிச்ச உடனே கவர் போட்டு மூடாதீங்க, ஈரம் உள்ளேயே நின்னு அவிஞ்சு துரு கூடும். பிரேக் டிஸ்க்குல மழைக்கு மறுநாள் லேசா துரு படியுறது சகஜம், ரெண்டு பிரேக் பிடிச்சா போயிரும், மாசக்கணக்கா நின்னா அது பள்ளமாவும், டிஸ்க்க பிடிக்குற பிரேக் பேடு ஒட்டிக்கும். ஹேண்ட் பிரேக்க இழுத்து விட்டு போகாதீங்க, கியர்ல போட்டு சக்கரத்துக்கு கல்லு வைங்க. பிரேக் ஆயில் காத்துல உள்ள ஈரத்த இழுக்கும், அதனால ஓடலன்னாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், இதுக்கு கிலோமீட்டர் கணக்கு கிடையாது.

இப்ப எல்லாருக்கும் சன்ரூஃப் வேணும். அந்த கண்ணாடிய சுத்தி ஒரு ஓடை மாதிரி இருக்கு, அதோட நாலு மூலையில இருந்து தண்ணி இறங்க பைப்பு இருக்கு. மாமரத்துக்கும் அயினிக்கும் கீழ நிறுத்துற வண்டியில இலையும் பூவும் அந்த பைப்ப அடைச்சிரும், நமக்கோ வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம். தண்ணி உள்ள இறங்கி கார்ப்பெட்டுக்கு அடியில தேங்கும், வயர் கனெக்டர் எல்லாம் அங்க தான் போகுது. உள்ள பூஞ்ச வாடை அடிச்சா சென்ட் வைக்காதீங்க, கார்ப்பெட்ட தூக்கிப் பாருங்க. தென்னைக்கு கீழ நிறுத்துறது ஆகவே ஆகாது, அது சொல்லணும்னு இல்ல.

எலிக்கு விஷம் வைக்காதீங்க, ஏசி ப்ளோயருக்குள்ள போய் செத்துச்சுன்னா டேஷ்போர்ட கழட்டணும். பிள்ளையள் சிந்தின மிக்சர் பிஸ்கட் எல்லாம் துடைச்சு எடுங்க, ஷெட்டு பூட்டுற மாதிரி இருந்தா பேனட்ட திறந்தே வைங்க, இருட்டும் அடைசலும் இல்லன்னா எலிக்கு அங்க கூடு கட்ட அவ்வளவா பிடிக்காது.

2021 நவம்பர் மழையில ஷெட்டுக்குள்ள தண்ணி ஏறின வண்டியள பாத்தேன். தண்ணி வடிஞ்ச உடனே ஓடுதான்னு பாக்க ஸ்டார்ட் பட்டன அமுக்குறது தான் எல்லாரும் செய்யுற தப்பு. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனால அந்த தண்ணிய நெருக்க முடியாம அத தாங்குற ராடு வளைஞ்சிரும், பட்டன அமுக்காம கயிறு கட்டி கொண்டு வந்திருந்தா சுத்தம் பண்ணி ஆயில் மாத்துறதோட முடிஞ்சிருக்கும். இன்சூரன்ஸ்ல இஞ்சின் பாதுகாப்புக்கு தனியா ஒரு ஆட்-ஆன் இருக்கு, ரினியூவல்ல கேட்டு எடுங்க. வண்டி நிக்கத் தானே செய்யுதுன்னு ரினியூவல தள்ளிப் போட்டு 90 நாள் தாண்டினா கிளெய்ம் பண்ணாத வருஷங்களுக்கு சேத்து வச்ச பிரீமியம் தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனசும் போயிரும்.

வெளிநாட்டுல இருந்து வாறவங்க, டிக்கெட் போட்ட அன்னைக்கே வீட்டுக்கு சொல்லி வண்டிய காட்டச் சொல்லுங்க, வாறதுக்கு பத்து நாள் முன்னாடியாவது. டயர் ஆர்டர் போட்டு வரணும், பேட்டரி பாக்கணும், முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு போன் வந்தா என்னால ஜம்ப் மட்டும் தான் அடிக்க முடியும்.

அந்த தம்பிகிட்ட நான் கடைசியா சொன்னது வேற ஒண்ணு. தங்கச்சிக்கு வண்டி ஓட்ட படிச்சு குடுங்கன்னு. பதினஞ்சு லட்சம் போட்டு ஒரு பொருள வாங்கி, அத ஓட்டத் தெரியாத ஆளுகிட்ட சாவிய குடுத்துட்டு போறோம், பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல்னா அந்த வண்டிய பாத்துகிட்டே ஆட்டோவுக்கு போன் பண்ணுறாங்க. எனக்கு அத பாக்க மனசு தாங்கல. அவரு கொஞ்சம் யோசிச்சாரு, லீவு முடியுறதுக்குள்ள டிரைவிங் ஸ்கூல்ல சேத்து விட்டுட்டு போனாரு.

போன மாசம் அந்த தங்கச்சி தனியா வண்டிய ஓட்டிகிட்டு சர்வீசுக்கு வந்துச்சு. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு அம்மாவையும் பிள்ளையளையும் ஏத்திகிட்டு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வள்ளியூர் வரை போயிட்டு வருதாம். புது டயர் போட்ட கடையில நாலு டயரோட நம்பரையும் குனிஞ்சு வாசிச்சு, ஒண்ணு மட்டும் ரெண்டு வருஷம் பழசுன்னு கண்டுபிடிச்சு மாத்தி வாங்கியிருக்கு. ஸ்டெப்னி மட்டும் இன்னும் 2018 தான், அடுத்த தடவை அதையும் மாத்தணும்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.