ரிப்போர்ட்டில் மண்ணீரல் என்று இருந்தால்

சினைப்பைப் புற்றுநோய்க்கு எடுத்த சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஸ்ப்ளீன்' என்று ஒரு வரி இருந்தால் போதும், வீட்டில் யாராவது ஒருவர் கூகுளில் தேடி, நாலாவது ஸ்டேஜ் என்று முடிவுகட்டி, நோயாளிக்குத் தெரியாமல் அழுதுவிட்டுத்தான் ரேடியாலஜிஸ்ட்டான என்னைப் பார்க்க வருகிறார். அந்த வரியை முழுசாகப் படியுங்கள் என்பேன். மண்ணீரலின் மேலேயா, உள்ளேயா?

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் வயிற்றுக்குள் இருக்கும் நீரோடுதான் பரவும். சினைப்பையிலிருந்து உதிரும் செல்கள் அதில் மிதந்துபோய் குடல் மேல், ஓமென்டம் என்ற கொழுப்புத் திரையில், உதரவிதானத்துக்கு அடியில், இடது விலாவுக்குள் இருக்கும் மண்ணீரலின் உறை மேல் என்று கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போது ஸ்கேனில் மண்ணீரலின் வழவழப்பான ஓரம், பிசைந்த மாவைக் கட்டைவிரலால் அமுக்கியதுபோல வெளியிலிருந்து குழிந்திருக்கும். தூரத்தில் வேறெங்கும் பரவாதவரை ஃபிகோ என்ற சர்வதேச மகளிர் மருத்துவ அமைப்பின் 2014 வகைப்பாட்டில் இது மூன்றாவது ஸ்டேஜ்தான். மண்ணீரலின் சதைக்குள்ளேயே கட்டி இருந்தால்தான் நாலாவது ஸ்டேஜ், அதில் 4பி என்ற பிரிவு. சிகிச்சை முடிந்து சில வருஷம் கழித்து அங்கே மட்டும் தனியாகத் திரும்பி வருவதும் உண்டு, ஆனால் அபூர்வம்.

உள்ளே தெரியும் புள்ளியெல்லாம் கட்டியும் இல்லை. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய முதல் அரை நிமிஷத்தில் நல்ல மண்ணீரலே வரிவரியாகத்தான் தெரியும், எழுபது நொடி வாக்கில் எடுக்கும் படத்தில் அது சமமாகிவிடும். சாதாரண நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். அப்புறம் நம் ஊரில் டிபியை மறக்கவே கூடாது. மண்ணீரலில் புள்ளி, வயிற்றில் நீர், ரத்தத்தில் ஏறிய சிஏ-125 (இந்தப் புற்றுநோய்க்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எல்லாம் அதிலும் வரும், சதைப் பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும்.

இந்தக் குழப்பத்தில் பாதியைத் தீர்ப்பது பீரோ மேல் கிடக்கும் பழைய ஸ்கேன் கவர். அதை நகைக்கடைப் பையில் பத்திரமாக வைத்துவிட்டு ரிப்போர்ட் தாளை மட்டும் வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள்! தாளை வைத்து நான் ஒப்பிட முடியாது, படம் வேண்டும், டிஸ்க் இருந்தால் இன்னும் நல்லது. நாலு வருஷத்துக்கு முன்பும் அதே இடத்தில் அதே அளவில் அந்தப் புள்ளி இருந்திருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை.

சரி, மறுபக்கமும் சொல்ல வேண்டும். உறை மேல் ஒட்டிய பொடிப்பொடி முடிச்சுகள் சிடியில் தப்பிவிடும், வயிற்றைத் திறந்த பிறகே சர்ஜனுக்குத் தெரியவரும். அதனால் மண்ணீரலை எடுக்க நேரலாம் என்று சர்ஜன் முன்கூட்டியே சொன்னால் ஸ்கேனில் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அது இல்லாமலும் வாழலாம், ஆனால் சில கிருமிகளை எதிர்க்கும் பலம் குறையும். எடுக்கும் வாய்ப்பு இருந்தால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் பி) ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகளை முடிந்தவரை இரண்டு வாரம் முன்பே போடச் சொல்லிக் கேளுங்கள். எடுத்த பிறகு எத்தனை வருஷம் ஆனாலும், காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுப் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், மண்ணீரல் எடுத்திருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.