நுண்ணெகிழி: துகளும் அல்ல, தூளும் அல்ல

ஆற்றில் மைக்ரோபிளாஸ்டிக் (நுண்ணெகிழி) என்று செய்தி வந்தாலே ‘கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்தத் தொடரில் பிளாஸ்டிக் என்ற ஒரு சொல்தான் சரி.

வார்க்கத்தக்கது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது பிளாஸ்டிக். அதற்குத் தமிழில் வழங்கும் நெகிழி, நெகிழ் என்ற வினையடியில் பிறந்தது. மைக்ரோபிளாஸ்டிக் என்ற பெயர், பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்ப்சன் குழு 2004இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு பரவியது. அதன் அளவுக்கு 5 மி.மீ. என்ற மேல்வரம்பு 2008இல் அமெரிக்கத் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம் கூட்டிய பட்டறையில் வந்தது.

5 மி.மீ. என்றால் ஏறக்குறைய ஒரு பாசிப்பயறு. அது கண்ணுக்குத் தெரியாதா?

‘துகள்’ இன்னும் பெரிய தவறு. ஆற்றில் கிடைப்பவற்றில் துணியிலிருந்து உதிர்ந்த இழை உண்டு, பையிலிருந்து கிழிந்த படலம் உண்டு, உடைந்த சில்லும் ஆலையிலிருந்து சிந்திய குருணையும் உண்டு. துகள் என்றதும் படிப்பவர் மனத்தில் இழை வருவதே இல்லை. ஆய்வில் தப்பிப்பதும் அதுதான். ஆற்றில் மாதிரி எடுக்கும் வழக்கமான வலையின் கண் 0.33 மி.மீ.; பாலியெஸ்டர் இழையின் தடிமனோ 0.02 மி.மீ. அளவு. நீட்டுவாக்கில் நழுவிவிடும். இழையை எண்ண வேண்டுமானால் நீரை மொண்டு வந்து நுண்வடிதாளில்தான் வடிக்க வேண்டும்.

‘மிதக்கும் தூள்’ என்பாரும் உண்டு. பாலிஎத்திலீன் மிதக்கும். அடர்த்தி 1.38 (நீருக்கு 1) உள்ள, குழாய் செய்யும் பிவிசியும் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட்டும் (PET) அடிமண்ணுக்குப் போய்விடும். அந்த மண்ணை 1.2 அடர்த்தியுள்ள உப்புக்கரைசலில் கலக்கினாலும் இவை மேலே வராது, 1.5க்கு மேல் அடர்த்தியுள்ள துத்தநாகக் குளோரைடு கரைசல் வேண்டும். உப்போடு நிறுத்திய ஆய்வு ‘பிவிசி இல்லை’ என்றால் அதை அப்படியே நம்பக் கூடாது.

மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நகரைச் சுற்றிய ஆறுகளில் 40 இடங்களின் படுகை மண்ணை எடுத்துப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். டேம் ஆற்றில் ஓரிடத்தில் சதுர மீட்டருக்கு 5,17,000க்கு மேற்பட்ட நுண்ணெகிழிகள். வெள்ளத்துக்குப் பின் மறுபடி அள்ளியபோது மொத்தத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு அடித்துச் செல்லப்பட்டிருந்தது. இப்படிச் செறிந்து கிடக்கும் இடத்தை ஆங்கிலத்தில் ஹாட்ஸ்பாட் என்பார்கள். அதை ‘வெப்பப் பகுதி’ என்று மொழிபெயர்த்தால் ஆற்றில் சுடுநீர் ஓடுவதாகத்தானே வாசகர் நினைப்பார்? ‘செறிவிடம்’ என்றால் போதும். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம் அறிவியல் செய்திகளைப் பாழாக்குகிறது. ‘நுண்ணுயிர் நெகிழி’ என்று எழுதுவதும் அந்த வகைதான். மைக்ரோ என்றதும் கிருமி நினைவுக்கு வந்துவிடுகிறது.

நுண்ணெகிழி என்ற சொல் வடிவத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, அளவை மட்டும் சொல்கிறது. இழை, படலம், சில்லு, குருணை எல்லாம் அதற்குள் அடங்கும். நுண் + நெகிழி நுண்ணெகிழி ஆவது கண் + நீர் கண்ணீர் ஆவதைப் போன்ற புணர்ச்சியே. ‘நுண்நெகிழி’ என்று பிரித்தெழுதினாலும் பொருள் கெடாது. வடிவத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் நுண்ணெகிழி இழை, நுண்ணெகிழிச் சில்லு என்று சேர்த்துக்கொள்ளலாம்.