பெர்மிஷன்: கோப்பு இசைவு

ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் நிரலாக இயக்கலாம் என்று கணினி குறித்து வைத்திருப்பதுதான் பெர்மிஷன். மூலம் லத்தீன்: ‘பெர்’ என்றால் ஊடாக, ‘மித்தெரே’ என்றால் விடு, அனுப்பு. ஊடே போகவிடுதல் என்பது பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1971 நவம்பரில் வந்த, யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் முதல் கையேட்டிலேயே இதை மாற்றும் ‘சிஎச்மோட்’ கட்டளை இருக்கிறது.

தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. ‘அனுமதி’ வடசொல். செல்பேசிச் செயலி கேமராவைக் கேட்க, நாம் கொடுக்கிறோமே, அந்த இடத்துக்கு அது சரியாகவே பொருந்துகிறது. கோப்பில் யாரும் யாரையும் கேட்பதில்லை. குறி முன்பே போடப்பட்டிருக்கிறது. ‘உரிமை’ என்று எழுதினால் குழப்பம்தான் வரும். கோப்பின் சொந்தக்காரரை உரிமையாளர் என்கிறோம்; அவரை மாற்றுவது ‘சிஎச்ஓன்’, வேறு கட்டளை. இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்லை வைத்தால் புதிதாகக் கற்பவர் தடுமாறுவார். உடன்படுதல் என்ற பொருளில் ‘இசை’ என்னும் வினையிலிருந்து வந்த ‘இசைவு’ இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. அதையே பரிந்துரைக்கிறோம்.

யூனிக்ஸைப் போல அமைந்த லினக்ஸ் இயங்குதளத்தில் இசைவு மூன்று பேருக்குத் தனித்தனியாகக் குறிக்கப்படும்: உரிமையாளர், குழு, மற்றவர். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழு படிக்க மட்டும், மற்றவருக்கு ஒன்றுமில்லை. கோப்புறைக்கு வந்தால் இவற்றின் பொருளே மாறிவிடும். அங்கே ‘படி’ என்பது உள்ளிருக்கும் பெயர்களைப் பார்ப்பது. ‘எழுது’ என்பது உள்ளே உருவாக்குவது, பெயர் மாற்றுவது, அழிப்பது. ‘இயக்கு’ என்பது உள்ளே நுழைவது. கோப்புறைக்கு மட்டும் இதை ‘நுழைவிசைவு’ என்றே சொல்லலாம். ஒரு கோப்பை அழிக்க அதன் இசைவு தேவையில்லை, அது இருக்கும் கோப்புறையில் எழுதும் இசைவும் நுழைவிசைவும் போதும். படிக்க மட்டும் என்று பூட்டிய கோப்பு காணாமல் போவது இதனால்தான்.

கணக்குப் பிரிவில் நாலு பேர் ஒரு கோப்புறையைப் பகிர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உருவாக்கிய விரிதாளை மற்றவரால் சேமிக்க முடியவில்லை. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 777 போட்டுவிடுவார்கள். அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் சம்பளப் பட்டியலைத் திருத்தலாம் என்றாகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நால்வரையும் ஒரு குழுவில் சேருங்கள். கோப்புறையின் குழுவை ‘சிஎச்ஜிஆர்பி’ கட்டளையால் அதற்கு மாற்றி, 2770 கொடுங்கள். முன்னால் நிற்கும் 2, உள்ளே புதிதாகப் பிறக்கும் கோப்பும் அதே குழுவைப் பெறச் செய்யும். இது மட்டும் போதாது. புதிய கோப்புக்கு எந்த இசைவுகளைத் தரக்கூடாது என்று சொல்லும் எண் ‘யூமாஸ்க்’. பயனரின் ‘யூமாஸ்க்’ 022 ஆக இருந்தால் புதிய கோப்பு 644 ஆகத்தான் வரும், குழுவினர் எழுத முடியாது. அதை 007 ஆக்கினால் 660 வரும்.

இவ்வளவும் செய்தும் சரியாகவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். குழுவில் சேர்க்கப்பட்டவர் வெளியேறி மறுபடி உள்நுழைந்தாரா? அதுவரை பழைய குழுப் பட்டியல்தான் செல்லும். கோப்பு வேறிடத்திலிருந்து நகர்த்தப்பட்டதா? அதே வட்டுப் பிரிவுக்குள் நகர்த்திய கோப்பு பழைய குழுவோடும் பழைய இசைவோடும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நகலெடுத்திருந்தால் புதிய குழு கிடைத்திருக்கும்.

பழைய கோப்புகளை மொத்தமாகச் சரிசெய்யும்போது ‘சிஎச்மோட்’ கட்டளையில், இயக்கும் இசைவைக் குறிக்கும் சின்ன எக்ஸுக்கு (x) பதில் பெரிய எக்ஸ் (X) போடுங்கள். கோப்புறைகளுக்கு நுழைவிசைவு கிடைக்கும்; ஏற்கெனவே இயக்கும் இசைவு இல்லாத விரிதாள்களெல்லாம் இயங்கு நிரல்களாகக் குறிக்கப்படாது.