நெஞ்சு வலிச்சா 'கேஸ் தான்'னு நீங்களே முடிவு பண்ணாதீங்க

இந்த வாரத்துல இவர் மூணாவது ஆள். வயசு 52. விடியக்காலை 3 மணிக்கு நெஞ்சு நடுவுல ஒரு அழுத்தம், வாந்தி வர்ற மாதிரி குமட்டல், உடம்பெல்லாம் வேர்வை. எங்க எமர்ஜென்சி வாசலுக்கு வந்து சேர்ந்தப்போ மணி 10. நடுவுல இருந்த ஏழு மணி நேரமும் என்ன பண்ணீங்கன்னு கேட்டா அவர் மனைவி சொல்றாங்க, "கேஸ் தான் டாக்டர், அவருக்கு அடிக்கடி வரும், ஆசிட் மாத்திரை ரெண்டு போட்டாரு, நான் முதுகைத் தட்டி விட்டேன், ஏப்பம் வந்துச்சு, இப்ப பரவாயில்லைன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு, திரும்ப வலிச்சது, திரும்ப மாத்திரை போட்டாரு." அவரோ வலது கையை முஷ்டியா மடக்கி நெஞ்சு மேல வச்சு அழுத்திக்கிட்டே, "வாயு பிடிச்சிருக்கு டாக்டர், ஒரு ஊசி போட்டு விட்டீங்கன்னா போயிடுவேன்"ங்கிறார்.

அந்த முஷ்டியைப் பார்த்ததுமே எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஈசிஜி எடுக்கலாம்னா வேர்வைல ஸ்டிக்கர் ஒட்டவே மாட்டேங்குது, சிஸ்டர் துணியால துடைக்கிறாங்க, ஒட்டறாங்க, வழுக்கிக்கிட்டு வந்துடுது, திரும்பத் துடைக்கிறாங்க. ஒருவழியா பேப்பர் வெளிய வந்துச்சு. ரெண்டு, மூணு, ஏவிஎஃப்னு இதயத்தோட கீழ்ப்பக்கத்தைக் காட்டற மூணு லீட்லயும் (ஈசிஜில ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு லீட்) கோடு அப்படியே மேல தூக்கிக்கிட்டு நிக்குது. இதயத்தோட கீழ்ச்சுவர்ல அட்டாக். ஏழு மணி நேரமா.

கோவத்துல எழுதறேன், மன்னிச்சுக்கோங்க. ஆனா அந்தக் குடும்பத்து மேல கோவம் இல்ல, அவங்க பாசமா பார்த்துக்கிட்ட குடும்பம். "வாயு நெஞ்சுல ஏறிடுச்சு", "கேஸ் ஹார்ட்டைப் பிடிச்சிடுச்சு" அப்படின்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அதுமேலதான் கோவம். படிச்சவங்க படிக்காதவங்கன்னு வித்தியாசமே இல்லாம எல்லாரும் இதைச் சொல்றாங்க. ஸ்கூல்ல ஜீரண மண்டலம்னு ஒரு படம், ரத்த ஓட்டம்னு ஒரு படம், ரெண்டையும் வரைஞ்சு பாகம் குறிச்சு மார்க் வாங்கினவங்கதான் நாம எல்லாரும். அதை ஒரு தடவை ஞாபகப்படுத்திப் பாருங்க.

ஜீரண மண்டலம்ங்கிறது வாய்ல ஆரம்பிச்சு ஆசனவாய்ல முடியற ஒரே நீளக் குழாய். உணவுக்குழாய் கிட்டத்தட்ட 25 செ.மீ., அப்புறம் இரைப்பை, அப்புறம் சுமாரா 6 மீட்டர் சிறுகுடல், அப்புறம் பெருங்குடல். இரைப்பைல இருக்கிற காத்து பெரும்பாலும் நீங்க சாப்பிடும்போதும் பேசும்போதும் முழுங்கின காத்து. பெருங்குடல்ல இருக்கிறது அங்க வாழற பாக்டீரியா உண்டாக்கற வாயு. இந்தக் குழாய்லேர்ந்து இதயத்துக்குப் போக ஒரு வழியும் கிடையாது. கதவு கிடையாது, ஓட்டை கிடையாது, குறுக்குச் சந்து கிடையாது. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உதரவிதானம்னு ஒரு தசைச் சுவர் வேற நிக்குது. இந்த ஜீரணக் குழாய்ல உணவுக்குழாய் மட்டும் அதுல ஒரு துளை வழியா கீழ இறங்குது. காத்து மேல வந்தா அந்தக் குழாய்க்குள்ளயே வந்து ஏப்பமா வாய் வழியா வெளிய போகும், கீழ போனா கீழ வழியா போகும். வேற எங்கயும் போய் எதையும் 'பிடிக்க' அதுக்கு வழியில்ல.

இதைச் சொன்னா உடனே ஒருத்தர் கேப்பார், குடல்லேர்ந்து சத்து ரத்தத்துல கலக்கும்போது வாயுவும் கலக்காதா டாக்டர்னு. நல்ல கேள்வி. கலக்குது. குடல் வாயுல ஒரு பகுதி ரத்தத்துல கரைஞ்சு, கல்லீரல் வழியா இதயத்தோட வலது பக்கம் வந்து, நுரையீரலுக்குப் போய் மூச்சுக்காத்துல வெளிய போயிடுது. இதை வச்சு நாங்க ஒரு டெஸ்ட்டே பண்றோம், ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனைன்னு பேரு. மனுஷ செல் ஹைட்ரஜன் வாயு உண்டாக்காது, அதனால மூச்சுல ஹைட்ரஜன் வந்தா அது குடல் பாக்டீரியா பண்ணினதுன்னு அர்த்தம். ஆனா கவனிங்க, அது தண்ணில சர்க்கரை கரையற மாதிரி கரைஞ்சு போகுது, குமிழா போய் அடைக்கறதில்ல. நாள் முழுக்க எல்லாருக்கும் நடக்கறதுதான் இது, இதனால நெஞ்சு வலிக்காது.

சரி, அப்ப ஏன் ஹார்ட் வலி அச்சு அசலா கேஸ் வலி மாதிரியே இருக்கு? இங்கதான் நம்ம உடம்பே நம்மள ஏமாத்துது.

முதல்ல இடம். உணவுக்குழாய் இதயத்தோட இடது மேலறைக்கு நேர் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போகுது. எவ்வளவு ஒட்டின்னா, இதயத்தைத் தெளிவா பார்க்கணும்னா நாங்க ஒரு சின்ன ஸ்கேன் குழாயை வாய் வழியா உணவுக்குழாய்க்குள்ள இறக்கி அங்கேர்ந்து பார்ப்போம், நெஞ்சு மேல வச்சுப் பார்க்கறதை விட பல விஷயம் பளிச்சுன்னு தெரியும். இதயத்தோட கீழ்ச்சுவர் உதரவிதானத்து மேல உக்காந்திருக்கு, அதுக்கு நேர் கீழ இரைப்பை. இவருக்கு அடி வாங்கினது அந்தச் சுவர்தான். அதனாலதான் குமட்டல், அதனாலதான் மேல்வயித்துல ஏதோ பண்ற மாதிரி.

அடுத்தது நரம்பு. தோல்ல முள்ளு குத்தினா குத்தின இடத்தை விரல் வச்சுக் காட்டுவீங்க. உள்ளுறுப்பு வலி அப்படி இல்ல. இதயத்துலேர்ந்து வர்ற வலி நரம்பும் உணவுக்குழாய்லேர்ந்து வர்றதும் இடது கைலேர்ந்து வர்றதும் தண்டுவடத்துல கிட்டத்தட்ட ஒரே இடத்துல போய்ச் சேருது. மூளைக்கு இது எங்கேர்ந்து வந்த வலின்னு சரியா பிரிச்சுப் பார்க்கத் தெரியல, அதுவா ஒரு இடத்தைச் சொல்லுது. அதனாலதான் ஹார்ட் அட்டாக்ல சிலருக்குக் கை வலிக்குது, சிலருக்குத் தாடை, சிலருக்கு முதுகு, சிலருக்கு 'அஜீரணம்'. இதுல வலியை அனுபவிக்கிற ஆளே இது கேஸா ஹார்ட்டான்னு உணர்ந்து சொல்ல முடியாது. பல வருஷமா இதையே பார்த்துக்கிட்டிருக்கற எனக்கே வெறும் பேச்சுல கேட்டு மட்டும் சொல்ல முடியாது, அதனாலதான் ஈசிஜின்னு ஒண்ணு இருக்கு.

"ஏப்பம் விட்டதும் குறைஞ்சுது டாக்டர்" - இந்த வரியை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. வலிலயும் குமட்டல்லயும் பயத்துலயும் ஆளு எச்சிலை முழுங்கிக்கிட்டே இருப்பார், கூடவே காத்தும் உள்ள போகும், போனது ஏப்பமா வரும். ரத்தக்குழாய்ல அடைப்பு கொஞ்சம் விலகி திரும்ப மூடிக்கும், அதனால ஹார்ட் வலி தானாவே ஏறி இறங்கும். இறங்கற நேரமும் ஏப்பம் வர்ற நேரமும் ஒண்ணா அமைஞ்சிட்டா போச்சு, வீடே நிம்மதியா தூங்கப் போயிடும். ஆசிட் மாத்திரைக்குக் குறையறதும் இதே கதைதான். மாத்திரைக்குக் குறைஞ்சா அது ஹார்ட் இல்லன்னு எந்த டாக்டரும் முடிவு பண்ண மாட்டாங்க, பண்ணவும் கூடாது.

"சாப்பிட்டதும்தானே வருது, அப்ப வயிறுதானே?" இதுவும் தப்பு. சாப்பிட்டதும் குடலுக்குப் போற ரத்தம் நல்லாவே கூடும், அதுக்காக இதயம் அதிகமா உழைக்கணும், ஏற்கெனவே குழாய் குறுகியிருந்தா அந்த நேரத்துல வலிக்கும். வில்லியம் ஹெபர்டன்னு ஒரு ஆங்கிலேய டாக்டர் 1768லயே லண்டன்ல இந்த நெஞ்சுவலியைப் பத்திப் பேசினப்போ, நடக்கும்போது, அதுலயும் மேட்டுல ஏறும்போதும் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயும் வருதுன்னு சொல்லிட்டார். ஆஞ்சைனான்னு நாங்க இன்னிக்குச் சொல்றோமே, பேர் வச்சதும் அவர்தான். 250 வருஷம் தாண்டியும் சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்தா வர்ற வலிக்கு இன்னும் வாயு மாத்திரை போட்டுக்கிட்டிருக்கோம்.

இன்னொரு சந்தேகமும் நிறைய பேருக்கு உண்டு. இதயத்துக்குள்ளதான் எந்நேரமும் ரத்தம் ரொம்பி இருக்கே, நிமிஷத்துக்கு 5 லிட்டர் பம்ப் பண்ணுதே, அதுக்கே எப்படி ரத்தம் பத்தாம போகும்? அறைக்குள்ள இருக்கற ரத்தத்தை அந்தச் சுவர் அப்படியே உறிஞ்சிக்க முடியாது, உள்பக்கம் ஒட்டியிருக்கற மெல்லிசான ஒரு படலத்தைத் தவிர. மகாதமனி இதயத்தை விட்டு வெளிய வந்ததும் முதல் கிளையா பிரியற கரோனரி குழாய்கள்தான் அந்தத் தசைக்குச் சோறு போடறது. பெரிய இடத்துலயே அதோட அகலம் 3, 4 மி.மீ. தான். அதுல ஒரு ரத்தக்கட்டி உக்காந்தா அதுக்குக் கீழ இருக்கற தசை பட்டினி.

பட்டினின்னா எவ்வளவு நேரம் தாங்கும்? இதயத் தசை செல்லுக்குள்ள ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு இடத்தை, ஆக்சிஜனை வச்சு சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியா அடைச்சிருக்கும், அவ்வளவு ஆக்சிஜன் தின்னும் அது, நாளைக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கணுமே. ரத்தம் முழுசா நின்னு 20, 30 நிமிஷத்துலயே சில செல் சாக ஆரம்பிச்சிடும். உள்பக்கத்துல ஆரம்பிச்சு வெளிப்பக்கம் நோக்கிப் பரவும், ஆறு மணி நேரம் ஆகறப்போ பெரும்பகுதி போயிருக்கும். சிலருக்குப் பக்கத்துக் குழாய் கொஞ்சம் கைகொடுக்கும், அது அவங்க அதிர்ஷ்டம்.

இதுல என்னை ரொம்ப வருத்தப்படுத்தற விஷயம் ஒண்ணு. குடலோட உள் உறை செல்கள் 3லேர்ந்து 5 நாளுக்கு ஒரு தடவை புதுசா மாறிக்கிட்டே இருக்கு. இன்னிக்குப் புண்ணானாலும் அது தன்னைத் தானே சரி பண்ணிக்கத் தெரிஞ்ச உறுப்பு. இதயத் தசை செல் வருஷத்துக்கு 1 சதவீதம் கூட புதுசா வர்றதில்ல. செத்த இடத்துல தழும்புதான் வரும், தழும்பு சுருங்கி விரியாது. காத்திருக்கத் தெம்பு இருக்கற உறுப்புக்கு உடனே மாத்திரை, ஒரு மணி நேரம் கூட காத்திருக்க முடியாத உறுப்பை விடிஞ்சதும் பார்த்துக்கலாம்னு படுக்க வைக்கிறோம். தலைகீழா பண்றோம்.

இப்ப என்ன பண்ணணும்னு சொல்றேன், தயவு பண்ணி வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க.

நெஞ்சுல அழுத்தம், பாரம், இறுக்கம், எரிச்சல் எதுவா இருந்தாலும் 5 நிமிஷத்துக்கு மேல நீடிச்சா, இல்ல கூடவே வேர்வை, மூச்சு வாங்கறது, கை தாடை முதுகுன்னு பரவறது, தலைசுத்தல் இருந்தா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. உக்கார வைங்க, சாய்ஞ்சு உக்காரட்டும். "நாலு நடை நடந்தா கேஸ் இறங்கிடும்"னு நடக்க வைக்காதீங்க, பட்டினில இருக்கற தசையை வேலை வாங்கறதுக்கு சமம் அது. மாடிப்படியும் வேண்டாம். அவரே வண்டி ஓட்டிக்கிட்டு வரவே கூடாது, வழியில மயங்கினா அவர் மட்டும் போக மாட்டார். சாப்பிடக் குடிக்க எதுவும் கொடுக்காதீங்க. ஆஸ்பிரினைப் பத்தி எல்லாரும் கேக்கறீங்க: ஆம்புலன்ஸ்காரங்களோ டாக்டரோ போன்ல சொன்னா மென்னு முழுங்கச் சொல்லுங்க, நீங்களா கொடுக்காதீங்க, சில நெஞ்சுவலிக்கு அது ஆபத்து. விட்டு விட்டு இருமினா அட்டாக் நின்னுடும்னு ஃபார்வர்ட் சுத்துதே, அதை டெலீட் பண்ணுங்க. ஆள் மயங்கி, மூச்சு சரியா இல்லன்னா நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை அழுத்துங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.

சுகர் இருக்கறவங்க, வயசானவங்க, பெண்கள், இவங்களுக்கு வலியே பெருசா இல்லாம வெறும் மூச்சு வாங்கறது, அசதி, குமட்டல்னு மட்டும் வரலாம். "அம்மாவுக்கு அசதி தான்"னு விட்டுடாதீங்க.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் முதல் வார்த்தை "நெஞ்சு வலி"ன்னு சொல்லுங்க. "கேஸ் ட்ரபிள்"னு நீங்க சொல்ற ஒரு வார்த்தைல வரிசைல பின்னாடி உக்கார வச்சிடுவாங்க. நெஞ்சுவலின்னு சொன்னா 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்தாகணும், எடுக்கலைன்னா கேளுங்க, சத்தமாவே கேளுங்க. முதல் ஈசிஜி நார்மல்னு சொன்னதும் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பாதீங்க. ஈசிஜிங்கறது இதயத்தோட 10 விநாடி கதை, அவ்வளவுதான். செத்த தசைலேர்ந்து கசியற ட்ரோபோனின்ங்கற புரதம் ரத்தத்துல தெரியவும் நேரம் எடுக்கும், அதனாலதான் கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப எடுக்கறோம், பில்லு ஏத்தறதுக்கு இல்ல.

நெஞ்சுவலின்னு வர்ற எல்லாருக்கும் அட்டாக் கிடையாது, நிறைய பேருக்கு நிஜமாவே ஆசிட் பிரச்சினைதான். டெஸ்ட் எல்லாம் பார்த்துட்டு "ஒண்ணுமில்ல, கேஸ் தான்"னு சொல்லி அனுப்பற நாள்தான் எனக்குச் சந்தோஷமான நாள், சின்ன விஷயத்துக்கு ராத்திரில வந்து தொந்தரவு பண்ணிட்டோமேன்னு கூச்சப்படாதீங்க, ஒரு டாக்டரும் அதுக்குத் திட்ட மாட்டாங்க. அந்த முடிவை ஈசிஜி பார்த்துட்டு நாங்க சொல்றோம், அதை மட்டும் எங்ககிட்ட விட்டுடுங்க.

அந்த 52 வயசுக்காரருக்கு அன்னிக்கே குழாயைத் திறந்து ஸ்டென்ட் வச்சாச்சு, பிழைச்சுட்டார். அஞ்சாவது நாள் எக்கோ, அதாவது இதயத்துக்கு ஸ்கேன் எடுக்கும்போது ஸ்க்ரீனை அவரும் திரும்பிப் பார்த்துக்கிட்டிருந்தார். மத்த சுவரெல்லாம் உள்ளயும் வெளியயுமா அசையுது, கீழ ஒரு பகுதி மட்டும் அப்படியே நிக்குது. விரலை நீட்டி, "அது ஏன் டாக்டர் ஆடல?"ன்னு கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு, "மூணு மணிக்கே வந்திருந்தா ஆடியிருக்குமா?"ன்னு கேட்டார். பெரும்பாலும் ஆடியிருக்கும்னுதான் சொல்ல முடிஞ்சது. பக்கத்துல அவர் மனைவி நின்னுக்கிட்டிருந்தாங்க.